கலவா மீனின் கணக்கு

மீன் சந்தையில் கலவாவைத் தேடி வாங்குவோர் அதன் முள் குறைந்த வெள்ளைச் சதைக்காகவே வாங்குகின்றனர். அந்த மீனுக்கு எத்தனை வயது, அது ஆணா பெண்ணா, அது வாழ்ந்த பாரில் இன்னும் எத்தனை எஞ்சியிருக்கின்றன என்று எவரும் கேட்பதில்லை. விற்பவர் எடை போடுகிறார். வாங்குபவர் பணம் தருகிறார். ஆனால், வெப்பமண்டலக் கடல்களில் கலவா இனங்கள் நிலைத்திருக்குமா என்பது யாரும் கேட்காத அந்த மூன்று கேள்விகளைப் பொறுத்தே இருக்கிறது.

கலவா என்பது ஒரு மீனின் பெயரன்று. ஒரு பெருங்குடும்பத்தின் பெயர். அதில் 160-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. மன்னார் வளைகுடா, செங்கடல், பசிபிக் தீவுகள், கரீபியன் கடல் எனப் பவளப்பார்கள் உள்ள கடல்களில் எல்லாம் அவை வாழ்கின்றன. இரண்டு சாண் நீளத்தைத் தாண்டாத சிறிய இனங்களும் உண்டு. இரண்டரை மீட்டர் வரை வளர்ந்து 400 கிலோ எடையை எட்டும் பெருங்கலவாவும் உண்டு. இக்குடும்பத்தில் 20, 30 ஆண்டுகள் வாழும் இனங்கள் பல. மத்தியையும் நெத்திலியையும்போல ஓரிரு ஆண்டுகளில் பெருகி மடியும் மீன் அல்ல இது.

அதன் உடலமைப்பே அதன் வேட்டை முறையைச் சொல்லிவிடும். தடித்த உடல், அகன்ற வாய், வட்டமான வால். சீலாவைப்போல இரையைத் துரத்திப் பிடிக்கும் வேகம் அதற்கு இல்லை. பவளப் பொந்தின் நிழலில், பின்னணிக்கு ஏற்ப நிறத்தை அடர்த்தியாக்கியும் வெளிறச் செய்தும் அசையாமல் காத்திருக்கும். இரை அருகில் வந்ததும் வாய் திடீரென்று விரிகிறது. அந்த வெற்றிடத்தை நிரப்பப் பாயும் நீரோடு இரையும் உள்ளே போய்விடுகிறது. உட்புறமாகச் சாயும் சிறு பற்கள் மெல்லுவதற்கானவை அல்ல. உள்ளே போனது மீண்டும் வெளியே வராமல் தடுப்பதற்கானவை. கலவா இரையை முழுதாகவே விழுங்கும். இந்தச் சிறிய செய்தியை வாசகர்கள் நினைவில் கொள்ள வேண்டும். அடுத்து வரும் ஒரு வியப்புக்கு அதுவே திறவுகோல்.

செங்கடலின் பவளப்பார்களில் ஆய்வு செய்த ரெதுவான் ப்ஷாரியும் அவருடைய குழுவினரும் 2006-ஆம் ஆண்டு ஓர் அரிய நடத்தையை விளக்கி எழுதினர். அங்குள்ள ஒருவகைக் கலவா, பசி எடுத்த வேளையில், பொந்தில் ஓய்வெடுக்கும் பெரிய அஞ்சாலையைத் தேடிச் செல்கிறது. அஞ்சாலை பாம்பு வடிவ மீன். பெரும்பாலும் இரவில் பவள இடுக்குகளுக்குள் நுழைந்து வேட்டையாடுவது. கலவா அதன் முகத்துக்கு நேரே நின்று தலையை வேகமாக ஆட்டுகிறது. அழைப்பை ஏற்ற அஞ்சாலை வெளியே வர, இரண்டும் அருகருகே நீந்தி வேட்டைக்குப் புறப்படுகின்றன.

இந்தக் கூட்டணியில் சிக்கும் சிறு மீனுக்குப் போக்கிடமே இல்லை. கலவாவுக்கு அஞ்சி இடுக்கில் ஒளிந்தால் அஞ்சாலை அங்கே நுழைகிறது. அஞ்சாலைக்கு அஞ்சி வெளியே பாய்ந்தால் கலவா காத்திருக்கிறது. தனித்து வேட்டையாடுவதைவிடக் கலவாவுக்கு இதில் பலன் பன்மடங்கு கிடைப்பதாக ஆய்வு காட்டியது. இதே குழுவினர் பங்கேற்ற 2013-ஆம் ஆண்டின் மற்றொரு ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. இரை தப்பி ஒளிந்துகொண்ட இடத்துக்கு நேர் மேலே கலவா தலைகீழாக நின்று, தலையை அசைத்து, 'இங்கே இருக்கிறது' என்று கூட்டாளிக்குச் சுட்டிக் காட்டுகிறது. சுட்டிக் காட்டுதல் மனிதருக்கும் குரங்கினங்களுக்கும் காக்கை போன்ற சில பறவைகளுக்குமே உரியது என்று கருதப்பட்டு வந்த திறன். உதவும் கூட்டாளி எது, உதவாத கூட்டாளி எது என்று பிரித்தறிந்து தேர்ந்தெடுக்கும் ஆற்றலும் இம்மீனின் நெருங்கிய உறவினத்துக்கு உண்டு என்பது அடுத்த ஆண்டே நிறுவப்பட்டது.

பொருளாதாரம் கற்பித்தவனுக்கு இங்கே ஒரு கேள்வி எழாமல் இராது. ஒப்பந்தம் இல்லை, கண்காணிப்பாளர் இல்லை, நீதிமன்றம் இல்லை. பிறகு எப்படி இந்தக் கூட்டு நிலைக்கிறது? பங்கீட்டில்தான் பெரும்பாலான கூட்டு முயற்சிகள் உடைகின்றன. கலவாவும் அஞ்சாலையும் பங்கிடுவதே இல்லை. பிடித்தது எதுவோ அதுவே இரையை முழுதாக விழுங்கிவிடுகிறது. சண்டையிடுவதற்கு மிச்சம் எதுவும் இல்லை. ஒரு நாள் ஒன்றுக்குக் கிடைக்கும், இன்னொரு நாள் மற்றொன்றுக்கு. பல வேட்டைகளின் சராசரியில் இருவருக்கும் இலாபம். கூட்டுறவுச் சங்கங்கள் சிதைந்த வரலாற்றைப் படித்தவர்கள் இந்த ஏற்பாட்டின் எளிமையைக் கண்டு பொறாமைப்படலாம்.

கலவாவின் வாழ்வில் இதைவிட ஆழமான கணக்கு ஒன்று உண்டு. பெரும்பாலான கலவா இனங்கள் பெண்ணாகவே முதிர்ச்சி அடைகின்றன. சில ஆண்டுகள் முட்டையிட்ட பிறகு, உடல் பெருத்த நிலையில், அவற்றுள் சில ஆணாக மாறுகின்றன. சினைப்பை படிப்படியாக விந்தகமாகிறது. மீண்டும் பெண்ணாகத் திரும்புவது அரிது. இது நோயுமன்று, விபத்துமன்று. இயல்பான வளர்ச்சிப் பாதை. மைக்கேல் கிசெலின் என்ற உயிரியலாளர் 1969-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். சிறிய மீன் பெண்ணாக இருந்தால் தன் அளவுக்கு ஏற்ற முட்டைகளை இட்டுச் சந்ததியைப் பெறலாம். சிறிய ஆணாக இருந்தாலோ பெரிய ஆண்களால் விரட்டப்பட்டு ஒன்றுமில்லாமல் போகும். ஆகவே சிறுத்திருக்கும்வரை பெண்ணாகவும், போட்டியை வெல்லும் அளவு பெருத்தபின் ஆணாகவும் இருப்பதே வாழ்நாள் முழுவதற்குமான பெரும் பலனைத் தரும். கிசெலின் பிற்பாடு எழுதிய நூலின் தலைப்பிலேயே 'இயற்கையின் பொருளாதாரம்' என்ற தொடரைச் சேர்த்துக்கொண்டார். அது வெறும் அலங்காரமன்று.

இந்த ஏற்பாட்டின் விளைவு என்னவெனில், ஒரு பாரில் உள்ள ஆண் கலவாக்கள் அனைத்தும் ஏறக்குறைய மூத்த, பெரிய மீன்களே. தூண்டிலும் ஈட்டியும் முதலில் தேடுவது அவற்றைத்தான். மெக்சிகோ வளைகுடாவில் 'காக்' எனப்படும் கலவா இனத்தில் 1970-களில் நூற்றுக்கு 17 ஆண்கள் இருந்தன. 1990-களில் அது இரண்டு அல்லது அதற்கும் கீழே இறங்கிவிட்டது. மொத்த மீன்களின் எடையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தச் சரிவு தெரியவே தெரியாது. கடலில் பெண் மீன்கள் இருந்தன, முட்டைகளும் இருந்தன, அவற்றைக் கருவுறச் செய்ய வேண்டிய ஆண்கள்தாம் அருகிப் போயின.

பெண் மீன்களின் கணக்கும் எளிதன்று. எடை இரு மடங்கானால் முட்டையும் இரு மடங்காகும் என்றே மீன்வள மேலாண்மை நெடுங்காலம் எண்ணி வந்தது. கடல் மீன் இனங்கள் 342-ஐ ஒப்பிட்டு 2018-இல் வெளிவந்த ஆய்வு, பெரும்பாலான இனங்களில் அந்த எண்ணம் தவறு என்று காட்டியது. அட்லாண்டிக் காட் மீனை அது எடுத்துக்காட்டாகக் கூறியது: 30 கிலோ எடையுள்ள ஒரே தாய்மீன், தலா 2 கிலோ எடையுள்ள 28 தாய்மீன்கள் சேர்ந்து இடுவதைவிட அதிக முட்டைகளை இடுகிறது. 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ. தராசில் 56 கிலோ பெரிது. கடலின் கணக்கில் 30 கிலோ பெரிது.

மீன்வளப் பொருளாதாரத்தின் அடிப்படைப் பாடங்கள் 1954-இல் எழுதப்பட்டவை. ஸ்காட் கார்டன் பொதுச் சொத்தாகிய மீன்வளம் ஏன் அளவுக்கு மீறிச் சுரண்டப்படுகிறது என்பதை விளக்கினார். அதே ஆண்டில் மில்னர் ஷேஃபர் வளர்ச்சி விகிதக் கணிதத்தைத் தந்தார். இரண்டையும் இணைத்துத்தான் கல்லூரிகளில் கற்பிக்கிறோம். இருப்பு என்பது முதல், ஆண்டு வளர்ச்சி என்பது வட்டி, வட்டியை மட்டும் எடுத்தால் முதல் குறையாது என்பது அதன் சாரம். அருமையான மாதிரிதான். ஆனால், அதில் முதல் என்பது டன் கணக்கில் ஒரே சீரான பொருளாகக் கொள்ளப்படுகிறது. கலவாவின் முதல் அப்படிப்பட்டதன்று. ஒரு டன் இளம் பெண் மீன்களும், பல வயதுப் பெண்களும் மூத்த ஆண்களும் கலந்த ஒரு டன்னும் ஒரே முதல் ஆகமாட்டா. முன்னதில் வட்டி பிறப்பதற்கே வழியில்லாமல் போகலாம்.

சந்தையும் இந்தப் பிழையைப் பெருக்குகிறது. ஹாங்காங்கிலும் தென் சீனத்திலும் விருந்துகளில் கலவாவை முழு மீனாக ஆவியில் வேகவைத்துப் பரிமாறுவது மரபு. அதற்காக உயிருடன் கொண்டுவரப்படும் மீன்களில், ஒரு தட்டில் அடங்கும் அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரையான மீனுக்கே கிலோவுக்கு மிக உயர்ந்த விலை. பெரிய கலவா இனங்களில் அந்த எடையுள்ள மீன் ஒருமுறைகூட முட்டையிட்டிராத குஞ்சு. சிறிய இனங்களில் ஆணாகும் வயதை எட்டாத பெண். பிலிப்பின்ஸ், இந்தோனேசியக் கடல்களில் பாருக்குள் சயனைடு பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கும் கொடுமை இந்த விலையால் பரவியதுதான். குஞ்சுகளைக் கடலில் பிடித்துக் கூண்டில் கொழுக்க வைத்து விற்பதையும் சிலர் மீன் வளர்ப்பு என்கின்றனர். முட்டையைப் பொரித்து வளர்ப்பது வளர்ப்பு. பிடித்துக் கொழுக்க வைப்பது தவணை முறையில் பிடிப்பது. ஆக, தூண்டில் பெரியதை எடுக்கிறது. தட்டு சிறியதைக் கேட்கிறது.

கலவாவின் இன்னொரு பழக்கம் அதை மேலும் எளிய இலக்காக்குகிறது. ஆண்டு முழுவதும் தனித்து வாழும் பல பெரிய இனங்கள், ஆண்டில் சில நாள்கள் மட்டும், நிலவின் நாள் பார்த்து, குறிப்பிட்ட ஓரிடத்தில் ஆயிரக்கணக்கில் கூடி முட்டையிடுகின்றன. கரீபியன் கடலின் நசாவ் கலவா இதற்குப் பேர்போனது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான குளிர்மாதங்களில், முழுநிலவை ஒட்டி, 100 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்துகூட மீன்கள் பாரின் விளிம்புக்கு வந்து சேரும். உடலின் வரிகள் மறைந்து மேல் கருமை, கீழ் வெண்மை என இரு நிறமாகும். அந்தி மயங்கும் நேரத்தில் ஒரு பெண் மேல்நோக்கிப் பாய, ஆண்கள் பின்தொடர, முட்டையும் விந்தும் நீரில் மேகம்போல் கலக்கும். பஹாமாஸின் பிமினி அருகே இத்தகைய ஒரு கூடலைக் கண்டு 1972-இல் விவரித்த லாவெட் ஸ்மித், அங்கே 30 ஆயிரம் முதல் ஒரு லட்சம் வரை மீன்கள் இருந்ததாக மதிப்பிட்டார். (இந்த நசாவ் கலவா மேலே சொன்ன பால்மாற்ற விதிக்குப் பெரிதும் விலக்கானது, இயற்கை நம் பாடநூல் வகைப்பாட்டுக்குக் கட்டுப்பட்டதன்று.)

இடமும் நாளும் தெரிந்துவிட்டால் ஒரு வாரத்தில் ஓராண்டின் வருவாயைப் பிடித்துவிடலாம். இங்கேதான் சந்தையின் எச்சரிக்கை மணி முற்றிலும் பழுதடைகிறது. ஒரு பொருள் அருகினால் அதைத் தேடும் செலவு கூடும், விலை ஏறும், நுகர்வு குறையும் என்பது நாம் நம்பும் விதி. கூடலில் அது செயல்படுவதில்லை. பாரெங்கும் மீன் பாதியாகக் குறைந்திருந்தாலும், எஞ்சியவை அதே நாளில் அதே இடத்தில் வந்து குவிகின்றன. படகு ஒன்றுக்குக் கிடைக்கும் மீன் குறைவதே இல்லை. மீனவர் வளம் நிறைந்திருப்பதாக எண்ணுகிறார். அதிகாரியின் பதிவேடும் அப்படியே சொல்கிறது. பிறகு ஏதோ ஓர் ஆண்டு மீன் வருவதில்லை. சரிவு படிப்படியாக வராமல், மாடிப்படி உடைந்ததுபோல் ஒரே வீழ்ச்சியாக வருகிறது. கரீபியனில் நசாவ் கலவாவின் கூடல்கள் பல இப்படித்தான் அழிந்தன. இன்று அது மிக அருகிய நிலையில் உள்ள இனமாக உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இடம்பெற்றுள்ளது. கலவாக் குடும்பத்தை முழுமையாக ஆராய்ந்து 2013-இல் வெளியான மதிப்பீட்டின்படி, 20 இனங்கள் அழியும் ஆபத்தில் இருந்தன.

மீட்சி இயலாததன்று. கேமன் தீவுகளில் லிட்டில் கேமன் என்ற சிறு தீவின் ஓரத்தில் 2001-இல் சுமார் 7,000 நசாவ் கலவாக்கள் கூடும் இடம் மீனவர்களின் கண்ணில் பட்டது. இரண்டே பருவங்களில் ஏறத்தாழ 4,000 மீன்கள் பிடிக்கப்பட்டன. 2003-இல் அரசு கூடல் இடங்களில் மீன்பிடிப்பைத் தடை செய்தது. முதல் சில ஆண்டுகள் எண்ணிக்கை உயரவே இல்லை. தடையால் பயன் என்ன என்று எவரும் கேட்டிருக்கக்கூடிய ஆண்டுகள் அவை. முட்டையிலிருந்து வெளிவந்த நுண்குஞ்சுகள் ஒரு மாதத்துக்கும் மேலாகத் திறந்த கடலில் மிதந்து, நீரோட்டம் வாய்த்தால் பாருக்குத் திரும்பி, முதிர்ச்சியடையச் சில ஆண்டுகள் ஆகும். அவ்வாறு வாய்த்த ஒரு நல்ல ஆண்டின் குஞ்சுகள் வளர்ந்து சேர்ந்தபின் எண்ணிக்கை வேகமாக ஏறியது. 2018-இல் மீண்டும் 7,000-ஐத் தாண்டியது.

அதற்குள், 2016-இல், அங்கே இன்னொரு சட்டம் வந்தது. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை நசாவ் கலவாவைப் பிடிக்கவே கூடாது. மற்ற மாதங்களில் படகுக்கு நாளொன்றுக்கு ஐந்து மீன். அதுவும் 16 அங்குலத்துக்குக் குறையாமலும் 24 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு பல நாட்டுச் சட்டங்களில் உண்டு. அதிகபட்ச அளவு வைப்பது அரிது. மூத்த மீனுக்கு முதலின் மதிப்பைத் தந்த சட்டம் அது.

பசிபிக்கில் உள்ள பலாவ் தீவுகளில் இந்த அறிவு சட்டத்துக்கு முன்பே வழக்கில் இருந்தது. கூடல் காலத்தில் குறிப்பிட்ட பார்களில் மீன்பிடிக்கக் கூடாது என்று ஊர்த்தலைவர்கள் தடை விதிப்பது அங்குள்ள மரபு. ராபர்ட் ஜொஹான்னஸ் என்ற கடல் உயிரியலாளர் பலாவ் மீனவர்களுடன் தங்கி, அவர்கள் சொன்னதைப் பதிந்து 1981-இல் நூலாக்கினார். நிலவின் நாள் பார்த்து முட்டையிடும் மீன்களைப் பற்றி அதுவரை உலக அறிவியல் அறிந்திருந்ததைவிட அந்தச் சிறு தீவின் மீனவர்கள் அதிகம் அறிந்திருந்தனர். 1994-இல் பலாவ் அரசு சில கலவா இனங்களுக்கு ஏப்ரல் முதல் ஜூலை வரை பிடிப்புத் தடை விதித்தபோது, அது மீனவர்களுக்குப் புதிய செய்தியாக இருந்திருக்காது.

நம் கடலுக்கு வருவோம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவுகளைச் சுற்றிய பார்களில் கலவாவும் உண்டு. கீழக்கரை போன்ற ஊர்களில் கூடு இறக்கிப் பிடிக்கும் மரபுவழி மீனவர்களுக்கு விளமீன், ஓரா ஆகியவற்றோடு கலவாவும் கிடைக்கும். தூண்டில் மீனவர்களுக்கும் அது நல்ல விலை தரும் மீன். பவளப்பாரை உழுது சிதைக்கும் இழுவலையோடு ஒப்பிட்டால், கூடும் தூண்டிலும் பாருக்கு மிகக் குறைந்த தீங்கே செய்பவை. எனவே, குற்றவாளியைத் தேடி அவர்களிடம் போக வேண்டியதில்லை. தகவல் தேடிப் போகலாம்.

ஏனெனில், நம்மிடம் இருக்கும் தகவல் எடை மட்டுமே. மீன்பிடிப்புப் புள்ளிவிவரங்களில் கலவா இனங்கள் அனைத்தும் ஒரே தலைப்பின்கீழ் டன்களாகத் தொகுக்கப்படுகின்றன. அந்த எண் பத்தாண்டுகள் மாறாமல் இருந்தால் மகிழ்ச்சி அடைவதற்கு எந்த ஆதாரமும் இல்லை. மெக்சிகோ வளைகுடாவிலும் கரீபியனிலும் நடந்தது அதே எண்ணுக்குள் ஒளிந்திருக்கலாம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் தடை உள்ளது. அது தேவையான தடை. ஆனால், கலவாவின் முட்டையிடும் காலம் இனத்துக்கு இனம், கடலுக்குக் கடல் மாறுபடுவது. எல்லா மீனுக்கும் பொதுவான ஒரு தடைக்காலம் கலவாவையும் காத்துவிடும் என்று எண்ணிக்கொள்வது கணக்கைப் பார்க்காமல் விடையை எழுதுவது.

செய்ய வேண்டியதற்குப் பெருநிதி தேவையில்லை. மீன் இறங்குதளங்களில் கலவாவை எடை போடும்போதே ஓர் அளவுப் பலகையில் வைத்து நீளத்தையும் இனத்தையும் பிறைநாளையும் எழுதிவைக்கலாம். சினை மீன்கள் எந்த மாதத்தில், எந்தப் பாரிலிருந்து வருகின்றன என்பதை முதிய மீனவர்களிடம் கேட்டுப் பதியலாம். பாரின் பெயர் வெளியே தெரிந்தால் அதுவே கொள்ளைக்கு வழிகாட்டும் என்பதால், அந்தப் பகுதியை மட்டும் வெளியிடாமல் காக்க வேண்டும். ராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டக் கல்லூரிகளில் விலங்கியல் படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் திட்டக் கட்டுரைகள் எழுதுகின்றனர். நிலவின் பன்னிரண்டு சுற்றுகள் ஒரு கல்வியாண்டுக்குள் ஏறக்குறைய அடங்கிவிடும்.